அரை கிரவுண்டு கழனி

எங்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு துண்டு நிலம். அதுவும் அரை கிரவுண்டுதான். ஆனால் அதைக் கூப்பிட ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அது பிளாட்டு. மாமாவுக்கு மனை. விற்றுக் கொடுத்த புரோக்கருக்கு சைட்டு. அம்மா மட்டும் அதைக் கழனி என்றாள். வாங்கிய முதல் நாளிலிருந்தே அப்படித்தான். நெல் விளைகிற நிலத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கழனி என்பார்கள். அந்த மனையிலோ முள்ளும் பீர் பாட்டிலும்தான் விளைந்திருந்தன. “கழனிக்குப் போயிட்டு வரலாமா?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவது படித்தேன். மனை இருந்தது வேப்பம்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி. அம்மாவின் தம்பியான என் மாமா அங்கேயே குடியிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இதுதான் ஊர் என்று காட்ட அங்கே எதுவும் மிச்சமில்லை. பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒரு நகர் என்று வளைவு கட்டி, கல் நட்டு வைத்திருந்தார்கள்.

மனை பார்க்கப் போன அன்று புரோக்கர் மேட்டில் இருந்த நல்ல மனைகளாகக் காட்டினார். அம்மா அவர் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. நேராகப் பள்ளத்துக்கு நடந்தாள். அங்கே கடைசி மனையின் மூலையில் ஒரு புங்கமரம் நின்றது. அதனடியில் போய் நின்றுகொண்டு, “இது போதும்” என்றாள். மழை பெய்தால் அந்த மனை குளமாகிவிடும். போதாக்குறைக்கு மரம் வேறு இடைஞ்சல். அதனாலேயே யாரும் வாங்காமல் கிடந்தது.

“இன்னாம்மே, தண்ணி நிக்குமே?” என்றார் அப்பா.

“நிக்கட்டும்” என்றாள் அம்மா.

விலை குறைவாக இருந்ததால் அப்பாவும் அதற்கு மேல் பேசவில்லை. அம்மாவுக்கு மனை பார்க்கத் தெரியவில்லை என்று நான் அன்றே முடிவுகட்டிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் எங்கள் எல்லைக் கல்லுக்குக் கால் இருப்பது தெரிந்தது. நாங்கள் ஒவ்வொரு முறை போகும்போதும் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். எப்போதும் எங்கள் பக்கமாகவேதான் நகரும். அடுத்த மனைக்காரர் வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர். பார்த்தால் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார், எனக்குச் சாக்லேட் கொடுப்பார். அவர் கல்லை நகர்த்தியதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் மனை குறையக் குறைய அவர் மனை வளர்ந்துகொண்டே போனது. போதாததற்கு அவருடைய வண்டிகள் எல்லாம் எங்கள் மனையில் ஏறித்தான் அவர் மனைக்குப் போகும். அவருடைய தெருப் பக்கம் பெரிய கால்வாய் இருந்தது. எங்கள் மனைதான் அவருக்கு ரோடு.

அப்பா பட்டறையில் மயிரிழை வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். டேப்பை வைத்து அளந்து, கல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வார். சொல்வது எங்களிடம்தான். அடுத்த மனைக்காரரைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

“ஒரு முழம்தானே, போவட்டும் வுடு. பெரிய எடத்துல இன்னாத்துக்கு வம்பு?” என்றார் ஒருநாள் ரயிலில் திரும்பி வரும்போது.

“இன்னிக்கு முழம். நாளிக்கு மரம் அவரு பக்கம் போயிடும். அப்பால ஊடு எங்க கட்டறது, ஆகாசத்துலயா?” என்று கேட்டாள் அம்மா. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனையை வாங்க அம்மா தன் காதில் கிடந்ததைக்கூட விட்டுவைக்கவில்லை. அது போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது என்பது எனக்கே தெரியும்.

சுவர் எழுப்பக் கையில் காசில்லை. முள்கம்பி போட்டால் இரவோடு இரவாகக் காணாமல் போகும். மாமா ஒரு யோசனை சொன்னார், நாய் கட்டலாம் என்று. நாய்க்கு யார் சோறு வைப்பது என்று கேட்டதும் அந்த யோசனை அங்கேயே படுத்துக்கொண்டது. அப்போதுதான் அம்மா சொன்னாள்:

“நெல்லு வெதைக்கலாம். வெறும் மண்ணுன்னா எவன் வோணா கால் வெப்பான். பயிர் கீதுன்னா வெக்க மாட்டான்.”

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கிருந்தோ விதைநெல் கொண்டுவந்து ஊறப்போட்டுவிட்டாள்.

நாற்று வளர்ந்த இடம் அம்பத்தூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடி. துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் சேறு குழைத்துப் போட்டு, அதில் முளைகட்டிய நெல்லைத் தூவினாள். வீட்டுக்காரம்மா ஏறி வந்து பார்த்து, மாடியில் புல் வளர்க்கிறீர்களே, மாடு எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். காலையும் மாலையும் தண்ணீர் காட்டுவது என் வேலை. பச்சை எழும்பியபோது எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கள் வீட்டு மாடியில் வயல் இருப்பதாகப் பீற்றிக்கொண்டேன். ஒருத்தியும் நம்பவில்லை.

நாற்றுப் பிடுங்கிய அன்று கட்டுக் கட்டாக முடிந்து, ஈரச் சாக்கில் சுற்றி, மின்சார ரயிலில் ஏற்றினோம். ஆவடி தாண்டுவதற்குள் பெட்டியில் இருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“கீரை இன்னா வெலம்மா?”

“விக்கிறதுக்கு இல்லக்கா” என்றாள் அம்மா.

“ஊட்டுக்கே இம்மாங்கீரையா?” என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். அது நாற்று என்று சொன்னதும் பெட்டி முழுக்க ஒரே பேச்சு. ஒரு கிழவர் எழுந்து வந்து கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். பயிரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

அப்பாவும் மாமாவும் அதற்குள் மனையைக் கொத்தி, தண்ணீர் கட்டி, மிதித்துச் சேறாக்கியிருந்தார்கள். அப்பா பத்திரத்தை வைத்துக்கொண்டு பழைய எல்லையை அளந்து நூல் பிடித்தார். பட்டறை வேலைக்காரர் பிடித்த நூல் ஆயிற்றே, அணுவளவும் பிசகவில்லை. அந்த நூலின் மேல் அம்மா வரப்புப் போட்டாள். நகர்ந்து வந்த கல்லை யாரும் தொடவில்லை. அது எங்கள் கழனிக்கு உள்ளே, சேற்றில் தனியாக நின்றது. பிறகு அம்மா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குனிந்தவள் நிமிரவில்லை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டே போனாள். அவள் விரல்களை என்னால் கண்ணால் பிடிக்க முடியவில்லை. தையல் மிஷின் முன்னால் மட்டுமே அம்மாவைப் பார்த்துப் பழகிய எனக்கு அது வேறு யாரோ மாதிரி இருந்தது.

அடுத்த மனைக்காரர் வந்து பார்த்தார். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். “இன்னாம்மா, பொங்கலுக்கு எங்களுக்கும் அரிசி உண்டா?” என்றார். “உண்டு சார்” என்றாள் அம்மா, சேற்றில் நின்றபடியே.

ஐப்பசி மழை கொட்டியது. நகர் முழுவதும் முழங்கால் தண்ணீர். மேட்டு மனைக்காரர்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் நிற்காது என்று சத்தியம் செய்த புரோக்கர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவரைத் திட்டாத ஒரே குடும்பம் நாங்கள்தான். தண்ணீர் அளவுக்கு மீறும்போது மாமா வரப்பை வெட்டிவிடுவார், வடிந்ததும் அடைத்துவிடுவார். போனில் அம்மா இங்கிருந்து சொல்லச் சொல்ல அவர் அங்கே மழையில் நனைந்துகொண்டு செய்வார். “வேலைக்கு ஆளு வெச்சிகினு கீறா உங்கம்மா, சம்பளம் மட்டும் குடுக்க மாட்டேங்குறா” என்று என்னிடம் முறையிடுவார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. நாங்கள் களை எடுக்கப் போயிருந்தோம். பயிர் என் இடுப்புக்கு மேல் நின்றது. அப்போது தெருமுனையில் பெரிய சத்தம். முன்னால் ஒரு ஜேசிபி, பின்னால் மண் ஏற்றிய லாரி. அடுத்த மனைக்காரர் தன் மனையை மேடாக்கப் போகிறாராம். பைக்கில் வந்து இறங்கி, எங்கள் பயிரைக் காட்டி டிரைவரிடம் கையை ஆட்டினார்.

“நேரா ஏத்துப்பா. காலி மனைதான். சும்மா புல்லு போட்டு வெச்சிருக்காங்க.”

அந்த இயந்திரம் ஒரு முறை உருண்டால் போதும். பயிரும் போகும், வரப்பும் போகும், அப்பா பிடித்த நூலும் மண்ணுக்குள் போகும். அதற்கு மேல் எது யாருடைய மனை என்று கண்டுபிடிக்கச் சாமிதான் வர வேண்டும். அப்பா எழுந்தார். மாமா சட்டைக் கையை மடித்தார். அம்மா இருவரையும் கையமர்த்தினாள். அவள் வரப்பில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. களையைப் பிடுங்கிப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் குறுக்கே விழாமல் இந்த நேரத்தில் களை எடுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜேசிபி எங்கள் மனை ஓரத்தில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இளைஞர்தான். செய்யாறு பக்கத்து ஆள் என்று பிறகு தெரிந்தது. வரப்பில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றித் தெருவிலேயே விட்டார். நாலு எட்டு நடந்து வந்து, குனிந்து, ஒரு தண்டைப் பிடித்து இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கதிர் இன்னும் வெளியே வரவில்லை. தண்டு மட்டும் உப்பியிருந்தது.

“யாரு நட்டதுக்கா?” என்று கேட்டார்.

“நாந்தாம்பா” என்றாள் அம்மா.

அவர் திரும்பி நடந்தார். “சார், இது மேல ஏத்த மாட்டேன்.”

“ஏம்ப்பா? வாடகை பேசித்தானே இட்டாந்தேன்?”

“வாடகை இன்னா சார் வாடகை. மாசமா கீற பயிரு. வயித்துல புள்ளய வெச்சிகினு நிக்கிறவ மேல வண்டி ஏத்துவீங்களா?”

“தோ பாரு, புல்லு அது.”

“நீங்க துன்றது இன்னா சார், சோறுதானே? அது புல்லுலதான் வருது.”

பின்னால் லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்ன விஷயம் என்று கேட்டார். டிரைவர் சொன்னார். லாரிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் ரிவர்ஸ் போட்டார். அதற்குள் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். சூல் பயிரில் வண்டி ஏற்றச் சொன்னாராமே என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த மனைக்காரர் அங்கும் இங்கும் பார்த்தார். அவருடைய பல் வரிசை முதல் தடவையாக உள்ளே போனது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் கத்திக்கொண்டே வரப்பின் மேல் ஓடினேன். மாமா விசில் அடித்தார். அப்பா மட்டும் டிரைவரிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கூச்சத்துடன் செருப்பை மாட்டிக்கொண்டு, “அறுப்புக்குச் சொல்லுங்கண்ணே, வரேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அம்மா கடைசிக் களையையும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் எழுந்தாள். எழுந்ததும் அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“சொன்னேன்ல?”

பிறகு அடுத்த மனைக்காரர் கால்வாய் மேல் பாலம் போட்டுத் தன் தெரு வழியாகவே மண் அடித்துக்கொண்டார். அதைவிட ஆச்சரியம், அடுத்த வாரம் நாங்கள் போனபோது எங்கள் கழனிக்குள் நின்றிருந்த கல்லைக் காணவில்லை. அது வரப்பு ஓரத்தில், பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பயிர் ஒன்றுகூட மிதிபடவில்லை. அப்பா டேப்பை எடுத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை என்றார். வந்த காலோடு திரும்பிப் போகவும் அந்தக் கல்லுக்குத் தெரிந்திருந்தது.

மார்கழிக் கடைசியில் அறுத்தோம். பிடித்துப் பிடித்து அறுத்ததில் அப்பா விரலை வெட்டிக்கொண்டார். செய்யாறுக்காரர் சொன்னபடியே வந்துவிட்டார். அறுத்த நெல் தாளை எங்கே போட்டு அடிப்பது என்று எல்லோரும் முழித்தபோது மாமா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். நகரின் புது சிமெண்டு ரோட்டில் தாளைப் பரப்பி, அதன் மேல் ஆட்டோவை முன்னும் பின்னும் ஓட்ட ஆரம்பித்தார்.

“வெயிட்டு பத்தல. ஏறு, ஏறு, எல்லாம் ஏறு!” என்று கூவினார்.

அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏறிக்கொண்டோம். ஷேர் ஆட்டோவில் காசு இல்லாமல், இறங்க வேண்டிய இடமும் இல்லாமல், நெல்லின் மேல் போய்ப் போய் வந்தோம். சக்கரத்தின் அடியில் நெல் உதிர்வது கேட்டது. நான் முன் சீட்டில் மாமாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று இருந்தது. புங்கமரத்தைக் கடக்கும்போதெல்லாம் மாமா அதற்கு ஒரு ஹாரன் அடித்தார். ஏன் என்று கேட்டேன்.

“எந்தொட்டிலு அதுலதான் கட்டியிருந்துது” என்றார்.

மாமா வாயைத் திறந்தால் வருவதில் பாதி புளுகு. அதையும் அதில் சேர்த்துவிட்டேன்.

தூற்றிக் குவித்தபோது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த அரை கிரவுண்டில் அவ்வளவு வந்ததே என்று அப்பா பூரித்துப்போனார். பொங்கலுக்கு அடுத்த மனைக்காரருக்கும் ஒரு பங்கு போக வேண்டும், கேட்ட வாய்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். பொங்கலன்று அவர் வாங்கிக்கொண்டார். அது வேறு கதை.

அறுப்பு அன்றே அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இரும்புப் படியை அப்பாவிடம் நீட்டினாள்.

“கூலி அளங்க” என்றாள்.

“யாருக்கு மே?”

“நட்டு, களை எடுத்து, அறுத்தவளுக்கு.”

அப்பா ஏதோ விளையாட்டு என்று நினைத்து, படியை நெல்லில் அமுக்கி எடுத்து, பட்டறைப் பழக்கத்தில் மேலே உள்ளங்கையால் வழித்துச் சமமாக்கினார். அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

“தலை தட்டாதீங்க. குமிச்சு அளங்க.”

அவள் குரலில் விளையாட்டு இல்லை. அப்பா அவளைப் பார்த்தார். பிறகு படியில் நெல்லை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, கோபுரமாகக் குவியும்வரை போட்டார். வழிந்து சிந்தியது. அம்மா மடியை ஏந்தினாள். அப்பா கொட்டினார். “இன்னொண்ணு” என்றாள். அதையும் அப்படியே குவித்துக் கொட்டினார். அம்மா மடியைப் பிடித்துக்கொண்டு புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு மாமாவும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் வீடு இன்று அந்த இடத்தில்தான் நிற்கிறது. மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டியிருக்கிறோம். அந்தப் பள்ளம் முழுவதும் ஒரே ஆளின் கழனியாக இருந்த காலத்தில், அம்மாவின் அம்மாவான என் ஆயா, கைக்குழந்தையாக இருந்த மாமாவை அந்த மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அங்கே நடவு நட்டவள் என்பதும், அன்றைய என் வயதில் அம்மா அவளோடு இறங்கி அறுத்துவிட்டு, தலை தட்டிய படிக்காக மடியேந்தி நின்றவள் என்பதும் நான் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் மாமா சொல்லித்தான். அம்மா இன்றுவரை சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? எங்கள் மூட்டையிலிருந்து இரண்டு படி குறைந்துபோனதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மரத்தடிக்கு ஓடிப்போய் அம்மாவின் மடியைப் பார்த்தேன்.

“நம்ம நெல்லுதானேமா? யார்கிட்ட கூலி வாங்கின?”

“மொதலாளிகிட்ட.”

“யாரு மொதலாளி?”

“நாந்தான்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். ஒரே ஆள் எதற்கு இப்படித் தனக்குத் தானே கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. தூசி விழுந்திருக்கும், அதுதான் கண் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, முன் சீட்டை வேறு யாரும் பிடிப்பதற்குள் ஆட்டோவைப் பார்த்து ஓடினேன்.